நூற்றுப் பதினெட்டு, எழுபத்தெட்டு அல்ல

மழையை அளக்கும் வேலை என்னிடம் வந்தது, வேறு யாருக்கும் அது வேண்டாததால்தான்.

பதுளை டவுனில் பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் இன்னும் ஏழு கட்டை தூரம் ஏற வேண்டிய தேயிலைத் தோட்டம் எங்களுடையது. அங்கே பிள்ளைக் காம்பரா என்று ஒரு கட்டடம் இருந்தது. அம்மாமார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். நான் அதன் டீச்சர். அந்த வருஷம் என் பொறுப்பில் பத்தொன்பது பிள்ளைகள். தவழ்வது, நடப்பது, நடந்தே ஓடிப்போவது என்று மூன்று வகை.

பக்கத்துத் தோட்டத்தில் மலை சரிந்து ஒரு பாதையே காணாமல் போன பிறகு, பதுளை மண்சரிவுக் காரியாலயத்திலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையில் இருபது வருஷமாக வேலை செய்தும் பேச்சு மாறாதவர். பின் சீட்டில் மழைமானி ஒன்றைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே நிற்கும் மலையைப் பார்த்தார், கீழே நிற்கும் லயத்தைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். மரமோ கூரையோ பக்கத்தில் இல்லாத வெட்டவெளி வேண்டும் என்றார். தோட்டத்தில் அப்படி ஓர் இடம் பிள்ளைக் காம்பராவின் முன்னால்தான் இருந்தது.

தினமும் யார் பார்த்து எழுதுவது என்ற கேள்வி வந்தபோது ஆபீஸ் கிளாக்கர் தனக்கு நேரமில்லை என்றார். ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை தான் மலைக்குப் போய்விடுவேன் என்றார்.

"நான் பாக்குறேன் சார்," என்றேன்.

கிளாக்கர் சிரித்தார். "டீச்சருக்குப் பால் கலக்கவே நேரம் பத்தாது."

அவர் சிரித்ததில் தப்பில்லை. சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் மட்டும் கோட்டை விட்டவள் நான். அது தோட்டம் முழுக்கத் தெரியும். ஆனால் அந்தச் சிரிப்புக்காகவே அந்த வேலை எனக்கு வேண்டும் என்று தோன்றியது.

அதிகாரி அவரைக் கவனிக்கவே இல்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மேலே புனல், உள்ளே போத்தல், பக்கத்தில் கோடு போட்ட அளவுக் கண்ணாடி. "காலமை எட்டரைக்குப் பாருங்கோ பிள்ளை. எட்டேகாலும் இல்லை, ஒன்பதும் இல்லை. கண்ணாடியை மேசையில வைச்சு, உங்கட கண் தண்ணி மட்டத்துக்கு வரும் வரைக்கும் குனியோணும். தண்ணி ஓரத்தில ஏறி நிக்கும், நடுவில பள்ளமா இருக்கும். அந்தப் பள்ளம் எந்தக் கோட்டில நிக்குதோ அதுதான் கணக்கு."

பிறகு ஓர் அட்டை கொடுத்தார். ஒரு நாள் மழை எழுபத்தைந்து மில்லிமீட்டரைத் தாண்டினால் கவனமாக இருக்க வேண்டும். நூற்றைத் தாண்டினால் மூட்டை கட்டி வைக்க வேண்டும். நூற்றைம்பதைத் தாண்டினால் மலைக்குக் கீழே யாரும் இருக்கக் கூடாது. அட்டையைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் ஆணி அடித்து மாட்டினேன்.

புறப்படும் முன் தேத்தண்ணி குடித்துக்கொண்டே அவர் இன்னொன்றும் சொன்னார். உலகம் முழுக்க இதேபோல ஒருவர் காலையில் எழுந்து ஒரு தகரத்தைப் பார்க்கப் போகிறாராம். பாலைவனத்தில் மாதக்கணக்காகப் பூச்சியம் என்று எழுதிக்கொண்டிருப்பவரும் உண்டாம். பனி கொட்டும் நாடுகளில் புனலைக் கழற்றிவிட்டு, விழுந்த பனியை வீட்டுக்குள் கொண்டுவந்து உருக்கி, அந்தத் தண்ணீரைத்தான் அளப்பார்களாம்.

"பனிய அப்படியே அளந்தா என்ன சார்?"

"ஒரு நாள் பஞ்சு மாதிரி விழும், ஒரு நாள் ஈரமா அமுங்கி விழும். உயரத்தை மட்டும் பாத்தா எவ்வளவு தண்ணியெண்டு தெரியாது பிள்ளை."

என் தம்பி அப்போது கொரியாவில் ஒரு பெயின்ட் பேக்டரியில் வேலை செய்துகொண்டிருந்தான். எங்களுக்குப் பனி என்றால் தை மாதத்தில் வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்குச் செடியைக் கருக்குவது, அவ்வளவுதான். அவனுக்கோ முழங்கால் வரைக்கும். அந்த வருஷக் கடைசியில் அங்கே பனி பிடித்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது விஷயத்தைச் சொல்லி, ஒரு வாளியை வெளியே வைக்கச் சொன்னேன். அவனும் கூட இருந்த நேபாளத்துப் பையனும் ஹாஸ்டல் மொட்டைமாடியில் வாளி வைத்து, நிரம்பியதும் உள்ளே கொண்டுவந்து ஹீட்டர் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். "அக்கா, நாலு விரல்கூட இல்ல. ஒரு வாளி நெறைய இருந்துச்சு, எங்க போச்சுன்னே தெரியல," என்று குரல் பதிவு அனுப்பினான். அதைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். ஒன்றும் புரியாமல் எல்லாம் கைதட்டின.

ஆனால் அந்தப் பனி விழும் முன்பே இங்கே நிறைய நடந்துவிட்டது.

ஐப்பசியில் ஒரு காலை, அளவுக் கண்ணாடியை ஆறு தடவை நிரப்பி ஊற்ற வேண்டியிருந்தது. கூட்டினேன். நம்பாமல் மறுபடி கூட்டினேன். நூற்று அறுபத்திரண்டு. அதிகாரிக்குப் போன் செய்தேன். அவர் உடனே ஆட்களை இறக்கச் சொன்னார். மேல் லயத்தில் பன்னிரண்டு வீடு. என் வீடும் அதில் ஒன்று. எல்லாரும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போனோம். இரண்டு நாள் இருந்தோம். மலையிலிருந்து ஒரு கல் கூட உருளவில்லை.

திரும்பி வந்தபோது ஒரு வீட்டில் கோழிகளைக் கீரி பிடித்திருந்தது. இன்னொரு வீட்டில் அரிசி நனைந்து புளித்திருந்தது. எனக்கு 'மில்லிமீட்டர் டீச்சர்' என்று ஒருத்தி பேர் வைத்தாள். தண்ணீர்க் குழாயடியில் நான் வந்தால் அவள், "டீச்சர், இன்னிக்கு வீட்ல இருக்கலாமா, மூட்டை கட்டணுமா?" என்று கேட்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் எரியும்.

அடுத்த வாரம் தோட்டத்தின் உதவி மேனேஜரான சின்னத்துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். இளவயசு, கண்டிப்பான ஆள் என்று சொல்ல முடியாது, மரியாதையாகத்தான் பேசுவார்.

"ரெண்டு நாள் கொழுந்து எடுக்கல. மலையில எல்லாம் முத்திப் போச்சு. இனிமே நீங்க பதுளைக்கு நேரா சொல்ல வேணாம். துண்டுல எழுதி கிளாக்கர்கிட்ட குடுங்க. ஆபீஸ்லேர்ந்து அனுப்புவாங்க."

"சரிங்க துரை," என்றேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது. ஆபீஸ் மேசைக்கு முன்னால் நின்றால் எங்கள் வாயில் அந்தச் சொல் தானாக வந்துவிடும்.

மூன்று வாரம் துண்டு கொடுத்தேன். கார்த்திகையில் ஒரு நாள் அதிகாரி போன் செய்தார்.

"பிள்ளை, மானியில எங்கயும் ஓட்டை கிடக்கோ பாருங்கோ. சுத்தியுள்ள தோட்டமெல்லாம் நூறுக்கு மேல. உங்கட இடத்தில மட்டும் குறைவாக் காட்டுது."

"ஓட்டை இல்லையே சார். என்னிக்கு?"

"நேற்று. எழுபத்தெட்டு எண்டு வந்திருக்கு."

முந்தின நாள் நான் எழுதிக்கொடுத்தது நூற்றுப் பதினெட்டு. எட்டு மட்டும்தான் மிச்சம் இருந்தது.

"நான் அப்படி எழுதலீங்க சார். நூத்திப் பதினெட்டு," என்றேன். அவர் எண்ணை இன்னொரு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, "நான் விசாரிக்கிறன். நீங்கள் வீணாப் பிரச்சினைப்பட வேண்டாம்," என்றார். நல்ல மனுசன். ஆனால் அவர் விசாரித்து முடிக்கும் வரை மலை காத்திருக்குமா என்று யாருக்குத் தெரியும்.

அன்று பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, அவர்கள் கிறுக்குவதற்காக வைத்திருந்த கரும்பலகையை வெளியே கொண்டுவந்தேன். மலைக்குப் போகும் பாதையைப் பார்த்து அதை நிறுத்தினேன். சோக்கால் பெரிதாக எழுதினேன்: நேற்று 118. இன்று 41. சாயந்தரம் வேலை முடிந்து வந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு மில்லிமீட்டர் டீச்சர் என்று பேர் வைத்தவளே முதலில் கேட்டாள். "என்ன டீச்சர், திடீர்னு போட்டு வெச்சிருக்கீங்க?"

நடந்ததைச் சொன்னேன். ஆபீசில் நூற்றுப் பதினெட்டு எழுபத்தெட்டாகப் போனதைச் சொன்னேன். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "நம்ம தலைக்கு மேல இருக்கிற மலை. அதோட கணக்க அவங்க கொறைக்கிறாங்களா?" என்றாள்.

மறுநாள் கிளாக்கர் வந்து பலகையை அழிக்கச் சொன்னார்.

"மாட்டேங்க ஐயா."

"துரை சொன்னது."

"அளந்தது நான். அளந்ததத்தான் எழுதிருக்கேன். தப்பா இருந்தா அவரே வந்து அளந்து பாக்கட்டும்."

அவர் என் கண்ணைப் பார்க்காமல் மேசையில் இருந்த அளவுக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனார். மானியிலிருந்து போத்தலையும் எடுத்துவிட்டார். ஆபீசில் பத்திரமாக இருக்குமாம்.

தம்பிக்குச் சொன்னபோது அவன் பயந்தான். "அக்கா, நீ எதுக்கு வம்புக்குப் போற? வேலைய விட்டு நிப்பாட்டிட்டா என்ன செய்வ? எல்லாரும் பேசாமத்தான இருக்காங்க."

"எல்லாரும் பேசாம இருந்துதான் இந்த லயத்துல நாலு தலைமுறையா இருக்கோம்," என்றேன். அவன் போனை வைத்துவிட்டான். ஒரு வாரம் போன் வரவில்லை.

கண்ணாடி போனால் மழையும் போய்விடுமா? நேரான சுவர் உள்ள தகர டின்னை வெட்டவெளியில் சமமாக வைத்தால் போதும். விழுந்த தண்ணீரின் உயரத்தை அடிமட்டத்தால் பார்த்தால் அதுதான் மழை. மில்லிமீட்டர் கோடு பள்ளிப் பிள்ளைகளின் அடிமட்டத்திலேயே இருக்கிறது. இதை அந்த அதிகாரிதான் போனில் சொல்லித்தந்தார். பிள்ளைக் காம்பராவில் காலிப் பால்மாத் தகரங்களுக்கா குறைச்சல்? வீட்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு தகரம் கொடுத்தேன். முதல் இரண்டு நாள் கணக்கு கன்னாபின்னாவென்று வந்தது. ஒருத்தி கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் வைத்திருந்தாள். இன்னொருத்தி வீட்டில் ஆடு குடித்துவிட்டது. மூன்றாவது வீட்டுக்காரி மழை விட்டதும் தகரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். வீடு வீடாகப் போய் இடம் மாற்றி வைத்தோம். மூன்றாவது நாள் பன்னிரண்டு தகரமும் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தில் நின்றன.

வேலை நாளில் எட்டரைக்கு அவர்கள் மலையில் இருப்பார்கள் என்பதால், வீட்டில் இருக்கும் வயசானவர்கள் பார்த்துச் சொல்வார்கள். பெண்கள் சாயந்தரம் வந்து அதைக் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் கரித்துண்டால் எழுதி வைப்பார்கள். நான் கொப்பியில் எழுதுவேன், பிறகு பலகையில். சின்னத்துரை ஜீப்பில் போகும்போது பலகையைப் பார்ப்பார். நான் வாசலில் நின்று அவரைப் பார்ப்பேன். முன்பென்றால் உள்ளே போயிருப்பேன்.

மார்கழியில் ஒரு சாயந்தரம் மழை பிடித்தது. விடியும் வரை விடவில்லை. காலை எட்டரைக்கு எண்பத்து மூன்று. அப்படியும் காலைப் பெரட்டு வைத்து, பேர் எடுத்து, ஆட்களை மலைக்கு அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு நானும் வீடுகளில் இருந்த வயசானவர்களும் மறுபடி அளந்தோம். இன்னும் எழுபத்தொன்று. மழை பிடித்து ஒரு நாள்கூட ஆகவில்லை, நூற்றைம்பத்து நான்கு ஆகிவிட்டது. அதிகாரியின் போன் கிடைக்கவில்லை. டவர் போய்விட்டது.

பெரிய பிள்ளைகளைக் கையில் பிடித்து, சின்னதுகளை எனக்கு உதவிக்கு இருந்த இரண்டு கிழவிகளின் இடுப்பில் ஏற்றி, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போனேன். பெண்கள் பகல் நிறுவைக்கு வந்திருந்தார்கள். எண்ணைச் சொன்னேன். வேறு எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. கூடையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு அவரவர் பிள்ளையை வாங்கிக்கொண்டார்கள்.

பாதையில் சின்னத்துரை ஜீப்பைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்.

"யார் வேலைய நிப்பாட்டச் சொன்னது?"

எனக்குப் பேர் வைத்தவள் முன்னால் வந்தாள். மழையில் தலையில் போட்டிருந்த படங்குத் துண்டைக்கூட எடுக்கவில்லை. "நாங்களே அளந்தோங்க துரை. பன்னெண்டு வீட்டுலயும் ஒரே கணக்குதான் வருது."

"ஆபீஸ் அளவு அவ்வளவு இல்ல."

"ஆபீஸ் அளவு ஆபீஸ்லயே இருக்கட்டுங்க," என்றேன் நான். "எங்க புள்ளைகள நாங்க கூட்டிட்டுப் போறோம்."

அவர் ஜீப்பை எடுக்கவில்லை. நாங்கள் அதன் இரண்டு பக்கமும் ஒதுங்கி, வரிசையாக நடந்து ஆற்றைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம்.

மறுநாள் காலையில் தூறல்தான் இருந்தது. வாட்ச்சர் வந்து, வேலைக்குப் பேர் கொடுக்கச் சொல்கிறார்கள், பிள்ளைக் காம்பராவைத் திறக்கச் சொல்கிறார்கள் என்றார். லயம் ஆபத்தென்றால் லயத்துக்குப் போக வேண்டாம், பிள்ளைக் காம்பராவுக்கு என்ன வந்தது, அது சமதரையில்தானே இருக்கிறது என்று துரை கேட்டாராம். திறக்காவிட்டால் கடிதம் வரும் என்றும் சொன்னாராம்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் லயத்தின் மேல்தான் பயம். பிள்ளைக் காம்பரா விழும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. ஆனால் அட்டையில் மலைக்குக் கீழே யாரும் இருக்கக் கூடாது என்றுதான் போட்டிருந்தது. சமதரைக்கு வேறு சட்டம் என்று போடவில்லை.

"தொறக்க மாட்டேன்னு சொல்லுங்க. கடிதத்த இங்கேயே அனுப்பச் சொல்லுங்க," என்றேன்.

ஒன்பது மணி இருக்கும். பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம் வந்தது. இடி மாதிரி இல்லை. லொறியிலிருந்து கருங்கல் கொட்டுகிற மாதிரி, ஆனால் கொட்டி முடியவே இல்லை. வராந்தாவுக்கு ஓடினோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம், எங்கள் மலையில் தேயிலை நிரை நிரையாக, கலையாமல், அப்படியே கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது. லயத்தின் பக்கம் இல்லை. வலது பக்கம். பிள்ளைக் காம்பராவின் தகரக் கூரை ஒரு முறை நிமிர்ந்து நின்றது. பிறகு அது இல்லை.

நான் உள்ளே போய்ப் பிள்ளைகளை எண்ணினேன். பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். மூன்றாவது தடவை சிமெந்துத் தரையில் உட்கார்ந்து எண்ணினேன். ஒரு பிள்ளை வந்து என் மடியில் ஏறி, பாதி கடித்த பிஸ்கட்டை என் வாயில் வைத்தது.

சந்தோஷமாக இருந்ததா என்று பிறகு பலர் கேட்டார்கள். இல்லை. கோபம் மட்டும்தான் இருந்தது. வழக்கமான நாளாக இருந்தால் அந்த நேரத்தில் நான் அந்தக் கூரைக்குக் கீழே பால் கலக்கிக்கொண்டிருப்பேன்.

பிறகு விசாரணை வந்தது. எங்கள் தோட்டத்தில் போதிய மழை பதிவாகவில்லை, அதனால் முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழியில்லை என்று ஆபீசில் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார்கள். என் கரும்பலகை மண்ணுக்குள் இருந்தது. கொப்பி என் பையில் இருந்தது. பதுளை அதிகாரியை லயத்துக்குக் கூட்டிப்போய்ப் பன்னிரண்டு சுவரையும் காட்டினோம். கரித்துண்டால் எழுதிய ஒவ்வொரு வரிசையையும் அவர் படம் எடுத்தார். எட்டாவது வீட்டில் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க வெளியே போனார்.

அன்று சாயந்தரம் கிளாக்கர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ரப்பர் பட்டி போட்ட தாள் கட்டு ஒன்றை எடுத்தார். மூன்று வாரம் நான் கொடுத்த துண்டுகள். என் கையெழுத்து.

"கிழிச்சுப் போடச் சொன்னாங்க. நான் போடல," என்றார்.

"மாத்தி எழுதுனது யாருங்க ஐயா?"

"நான்தான்."

அவருக்கு நான் ஆறுதல் சொல்லவில்லை. துண்டுகளை வாங்கிக்கொண்டேன். அதிகாரியிடம் அவரே வந்து சொல்ல வேண்டும் என்றேன். தலையை ஆட்டினார். மறுநாள் வந்து சொல்லவும் செய்தார், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். சின்னத்துரையை மாற்றிவிட்டார்கள். அவர் யார் சொல்லிச் செய்தார் என்று இதுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்கள் கேட்பதை விடவும் இல்லை.

மேல் லயத்தைப் பூட்டிவிட்டார்கள். தற்காலிகக் குடிசை என்று சொல்லி தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் தகரம் அடித்துக் கொடுத்தார்கள். தற்காலிகம் இப்போது இரண்டாவது வருஷத்தில் நடக்கிறது. ஆற்றங்கரையில் சூரியத் தகடு வைத்த புது மானி ஒன்று நிற்கிறது. அது தானாகவே பதுளைக்குச் சொல்லிவிடுமாம். எங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று பெண்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தோம். இப்போது ஒவ்வொரு காலையும் என் போனுக்கும் எண் வருகிறது.

புதுத் துரை வந்ததும் பிள்ளைக் காம்பராவுக்கு ஒரு பழைய உர ஸ்டோரைக் காட்டினார். வெள்ளையடித்து, சுவரில் வாத்தும் மீனும் வரைந்து, பூட்டின் திறப்பை என் கையில் கொடுத்தார். நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கட்டடத்துக்கு நேர் மேலே மலையை வெட்டிச் செங்குத்தாக நிறுத்தியிருந்தார்கள்.

"இத யாராவது வந்து பாத்தாங்களா துரை?"

"இன்னும் இல்ல. பாப்பாங்க. மொதல்ல நீங்க தொறங்க."

"மொதல்ல பாக்கட்டுங்க."

திறப்பை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மூன்று வாரம் பள்ளிக்கூட மண்டபத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டேன். இரண்டு கடிதம் வந்தது. இரண்டுக்கும் பதில் எழுதினேன், ஒரே வரி: முதலில் வந்து பார்க்கட்டும். நாலாவது வாரம் பதுளையிலிருந்து இரண்டு பேர் வந்து, மேலே ஏறி, வெட்டிய மண்ணைத் தொட்டுப் பார்த்து, இந்தக் கட்டடத்தில் பிள்ளைகளை வைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை நானே ஆபீசுக்குக் கொண்டுபோனேன். மேசைக்கு முன்னால் நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் சத்தமாக வாசித்தேன்.